பாதம் பேணுவோம்

நுழையும்முன்

உடலின் எடை முழுவதையும் நாள்தோறும் சுமப்பவை பாதங்கள். முகத்தை நாளுக்குப் பலமுறை கண்ணாடியில் பார்க்கும் நாம், உள்ளங்காலை முள் தைத்தபோது மட்டுமே பார்க்கிறோம். வலி இல்லையெனில் பாதம் நலமாக இருக்கிறது என்று எண்ணுவது மக்களின் வழக்கம். அவ்வெண்ணம் எப்போதும் உண்மையாகாது என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் உலகிற்கு உணர்த்தினார். அவ்வரலாற்றையும் பாதம் பேணும் வழக்கங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாதத்தின் அமைப்பு

மனித உடலில் உள்ள 206 எலும்புகளுள் 52 எலும்புகள் இரு பாதங்களில் அமைந்துள்ளன. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உண்டு. தசைகளும் நார்களும் அவற்றை வில்போல் வளைத்துப் பிணைத்துள்ளன. அவ்வளைவே நடக்கும்போதும் ஓடும்போதும் ஏற்படும் அதிர்வைத் தாங்குகிறது.

உள்ளங்கால் தோலுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அதில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. எண்ணெய்ச் சுரப்பிகளோ இல்லை. எனவே, காற்றுப்படும் குதிகால் எளிதில் வறண்டு வெடிக்கிறது. காற்றுப்படாத விரலிடுக்கில் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் தோன்றுகிறது. ஒரே பாதத்தின் ஒரு பகுதிக்கு ஈரமும் மற்றொரு பகுதிக்கு உலர்வும் தேவைப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறிவதே பாதப் பராமரிப்பின் முதற்படி.

வேலூர் தந்த பாடம்

1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற அவர், 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அந்நோயால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று மக்கள் அக்காலத்தில் நம்பினர். பிராண்ட் அதனை ஏற்கவில்லை. நோயாளரின் அன்றாட வாழ்வை அவர் கூர்ந்து நோக்கினார். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது; அதனால் உணர்ச்சி அற்றுப்போகிறது; உணர்ச்சியற்ற கையும் காலும் தீயிலும் முள்ளிலும் காயமுற்றாலும் நோயாளர் அதனை அறிவதில்லை. அறியாமல் விடப்பட்ட காயமே உறுப்பைச் சிதைக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார்.

மற்றோர் உண்மையும் புலப்பட்டது. நெடுந்தொலைவு நடக்கும்போது ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால், நாம் அறியாமலேயே காலை மாற்றி ஊன்றுகிறோம். அவ்வாறு மாற்றச் செய்வது சிறுவலியே. வலி அறியாதவரோ அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றுவதால் அவ்விடம் புண்ணாகிறது. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டிட்டு ஓய்வு தந்தபோது புண் ஆறியது. ஆறிய பாதம் மீண்டும் புண்படாமல் காக்க, நுண்துளை இரப்பரால் ஆன மென்மையான காலணிகள் உருவாக்கப்பட்டன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியது.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், வேலூரில் கற்றதை நீரிழிவு நோயாளருக்கும் பயன்படுத்தினார். இரத்தச் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. காலணிக்குள் கிடக்கும் சிறு கல்கூடத் தெரியாமல் போகிறது. கவனியாத புண், காலை அகற்றும் நிலை வரை கொண்டுசெல்லக்கூடும். வலியின்மை நலத்தின் அடையாளமாக மட்டுமன்றி, நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதே வேலூர் தந்த பாடம்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

வெளியே சென்று வந்தவர் வாசலில் கால் கழுவிய பின்னரே வீட்டினுள் நுழைவது நம் முன்னோர் வழக்கம். கழுவுதலோடு துடைத்தலும் வேண்டும். விரலிடுக்குகளில் ஈரமின்றித் துணியால் ஒற்றி எடுத்தல் நன்று. குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது.

நகத்தை வளைத்து ஓரம்வரை வெட்டினால், அது சதைக்குள் வளர்ந்து புண்ணாக்கும். நேராக வெட்டுவதே முறை. கால் ஆணியைப் பிளேடால் அறுப்பதும் தீங்கு தரும். அதற்கு மருத்துவரை அணுக வேண்டும்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் புதிய காலணியை மாலையில் வாங்குவது பொருத்தம். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு சென்டிமீட்டர் அளவேனும் இடம் இருத்தல் வேண்டும். அணியும் முன்பு காலணியை உதறிப் பார்ப்பதும், காலுறையை நாள்தோறும் மாற்றுவதும் எளிய காப்புகள்.

சூழலும் பாதமும்

அம்பத்தூர், ஆவடி, முத்தாபுதுப்பேட்டை முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெருக்களில் நீர் தேங்குவதுண்டு. எலிக்காய்ச்சல் கிருமி அத்தகைய நீரிலிருந்து தோலின் சிறு கீறல் வழியே உடலுக்குள் புகும். ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து நுழையும். மழைநீரில் நடந்து வந்தவர் சோப்பிட்டுக் கால் கழுவி உலர்த்துதல் இன்றியமையாதது. தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் கனமான பாதுகாப்புக் காலணி அணிந்து நிற்பவர்கள், வீடு திரும்பியதும் பாதங்களுக்குக் காற்றும் ஓய்வும் தரவேண்டும். சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்தின் சுடுகல்லில் நடக்கும்போது நமக்குச் சூடு தெரியும்; உணர்விழந்த பாதத்திற்குத் தெரியாது. கொப்புளம் எழுந்த பின்னரே அவர்கள் அறிவர்.

இளையோர் கடமை

நீரிழிவு உடைய முதியவர்கள் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்ப்பது கடினம். பலருக்குக் கண்பார்வையும் மங்கியிருக்கும். அவர்களுக்குக் கண்களாக இருக்கக்கூடியவர்கள் வீட்டிலுள்ள மாணவர்களே. இரவில் இரண்டு நிமிடம் ஒதுக்கித் தாத்தா, பாட்டியின் பாதங்களில் கீறல், கொப்புளம், நிறமாற்றம் ஆகியவை உள்ளனவா என்று பார்க்கலாம். கால் கழுவும் வெந்நீரின் சூட்டை நம் கையால் சோதித்துத் தரலாம். புண் கண்டால், வலி இல்லை என்று அவர்கள் கூறினாலும் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பெரியோரின் பாதம் தொட்டு வணங்குவது நம் பண்பாடு. தொடும் கை அப்பாதத்தை உற்றுநோக்கவும் பழகுமாயின், அவ்வணக்கம் முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்…

1. உம் வீட்டிலுள்ள முதியோரின் பாதங்களை ஒரு வாரம் நாள்தோறும் பார்த்து, கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. ‘வலி என்பது பகையா, காவலா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.