பின்லாந்து கற்ற பாடம்

சிறிய தேசத்துக்குப் பெரிய சேனை இராது. பக்கத்தில் வல்லரசு ஒன்றும் இருந்துவிட்டால், வாளை நம்பி அது வாழ்வது துர்லபம். அப்படியானால் அதன் உரிமைக்குக் காவல் யாது? இக்கேள்விக்குப் பின்லாந்தின் சரித்திரம் தக்க விடை பகருகிறது.

1809-ல் பின்லாந்து ஸ்வீடன் ராஜ்யத்தினின்றும் பிரிந்து ருஷியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டது. அவ்வருஷம் போர்வோ நகரில் கூடிய பிரதிநிதி சபையின் முன், அந்நாட்டின் மதத்தையும் சட்டங்களையும் உரிமைகளையும் காப்பதாக முதலாம் அலெக்ஸாண்டர் வாக்களித்தார். 1734-ம் வருஷத்து ஸ்வீடிஷ் சட்டத் தொகுதியே தொடர்ந்து அமலில் இருந்தது. எஜமானர் மாறினார், சட்டம் மாறவில்லை.

1899-ல் இரண்டாம் நிக்கோலாஸ் அவ்வாக்கை மீறினார். சாம்ராஜ்யம் முழுவதற்கும் பொதுவெனத் தாம் கருதும் விஷயங்களில், பின்லாந்துச் சபையின் சம்மதமின்றியே சட்டம் செய்யலாமென்று பிரகடனம் செய்தார். ஜனங்கள் இரண்டு வாரத்துக்குள் 5 லக்ஷத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டி விண்ணப்பித்துக் கொண்டனர். சக்கரவர்த்தியோ தூதுகோஷ்டியாரைக் காணவும் மறுத்துவிட்டார்.

இனி வருவதே நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். பின்லாந்தில் ருஷியர்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டமொன்று 1912-ல் ருஷியாவில் நிறைவேறிற்று. தம் நாட்டுச் சபை இயற்றாதது சட்டமாகாது என்று வீப்புரி மேல் நியாயஸ்தலத்து நீதிபதிகள் அதனை ஏற்க மறுத்தனர். பீட்டர்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டனர். ஸ்வின்ஹுவுத் என்னும் நீதிபதி, சட்டவிரோதமாக நியமிக்கப்பட்ட ருஷிய அதிகாரிக்குக் கீழ்ப்படியாமையால் 1914-ல் ஸைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1917 டிசம்பர் 6-ந் தேதி பின்லாந்து சுதந்திரம் பெற்றபொழுது, அரசாங்கத் தலைமையில் இருந்தவர் அவரே!

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. 1918-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. தோற்ற கட்சியினர் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டு, பசியாலும் பிணியாலும் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நியன் முன் சட்டத்தைப் போற்றியவர்கள், சொந்தச் சகோதரர் முன் அதனை மறந்தனர்.

இவ்விரு அநுபவங்களுக்கும் பின் எழுந்தவையே இன்றைய ஸ்தாபனங்கள். 1918-ல் தலைமை நியாயஸ்தலமும், அதிகாரிகளின் உத்தரவுகளைப் பற்றிய வழக்குகளுக்கெனத் தனியே ஒரு தலைமை நியாயஸ்தலமும் ஏற்பட்டன. 1920 முதல், பார்லிமெண்டு தேர்ந்தெடுக்கும் முறையீட்டு விசாரணை அதிகாரி பணிபுரிந்து வருகிறார். அதிகாரவர்க்கத்தின் மீது எவரும் கட்டணமின்றி அவரிடம் முறையிடலாம். நீதிபதிகளும் மந்திரிகளுங்கூட அவருடைய கண்காணிப்புக்கு உட்பட்டவர்களே.

அரசியலமைப்பைக் காக்கத் தனி நியாயஸ்தலம் அங்கில்லை. பார்லிமெண்டின் அரசியலமைப்புக் கமிட்டி, சட்ட நிபுணர்களைக் கலந்து மசோதாக்களை முன்னதாகவே சோதிக்கிறது. சபையே சபைக்குக் கடிவாளமிடுவதா என்று வினவலாம், வினா நியாயமானதே. 2000-ம் வருஷத்து அரசியலமைப்பு இதற்கும் இடம் வைத்துள்ளது. வெளிப்படையான முரண்பாடு தோன்றினால், நீதிபதி அரசியலமைப்பையே அநுசரிக்க வேண்டும்.

ஸ்தாபனங்களைக் காகிதத்தில் வரைவது எளிது. அவற்றுக்காகச் சிறை புகவும் துணிந்த நீதிபதிகளே அவற்றுக்கு உயிரளித்தவர்கள். பிறருடைய அநீதியைத் தடுக்கச் சட்டத்தை நாடுவோர், தம்முடைய கோபத்தைத் தடுக்கவும் அதனை நாடுவாராக. பின்லாந்து பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.