கூடையிலேயே கிடக்கட்டும்

அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தாள்: "மாமா, நாளையிலிருந்து மூணு மாசத்துக்கு அவசியமில்லாத எதையும் வாங்கப் போறதில்லை." தோளில் புதுப் பை தொங்கியது. நேற்று வாங்கியதாம். நாளை முதல் முடியாதே என்று பையோடு இரண்டு குர்தி, ஓர் இயர்போன். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு கறிக்கடை வாசலில் நிற்கும் கூட்டம் என் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்காமல் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன்.

எங்கள் வீட்டு வடிகட்டியில் வலை ஓரமாகப் பிய்ந்து பல நாளாயிற்று. டீயில் தூள் மிதக்கும். நாக்கில் ஒட்டிய தூளை விரலால் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "சரி, இந்த டீ அவசியமா, ஆடம்பரமா?"

பலரும் முதல் வாரத்திலேயே தடுக்கி விழும் இடம் இதுதான். அவசியம் என்பது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு மாதிரி அல்ல. வீட்டில் டீத்தூள் தீர்ந்தால் வாங்குவது ஒன்று. ஆபீசுக்குக் கீழே இருக்கும் குளிரூட்டப்பட்ட கடையில் 200 ரூபாய்க்கு டீ குடிப்பது வேறு. அதே 200 ரூபாய் டீ, மாதம் ஒருமுறை பழைய தோழியைப் பார்க்க ஒரு சாக்கு என்றால் அது மூன்றாவது கணக்கு. எனவே கோட்டை நீயே போட்டுக்கொள். ஆனால் பசி எடுப்பதற்கு முன்பே போட்டுவிடு என்றேன். கடைக்குள் நின்றுகொண்டு கோடு போட்டால் கோடு வளைந்துதான் வரும்.

இதை முன்பே செய்து பார்த்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2006இல் சான்பிரான்சிஸ்கோவில் சில நண்பர்கள் ஓராண்டு புதுப் பொருள் எதையும் வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பழையதை வாங்கலாம், இரவல் கேட்கலாம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உள்ளாடைக்கும் விலக்கு உண்டு. (உள்ளாடையை மறக்காத அந்த விவேகம் எனக்குப் பிடிக்கும்.) அமெரிக்க நாவலாசிரியர் ஆன் பாட்செட் 2017இல் ஓராண்டு துணிமணி, செருப்பு, பை எதுவும் வாங்காமல் இருந்து, அதைக் கட்டுரையாக எழுதினார். புத்தகத்துக்கு மட்டும் தடை போடவில்லை. நாஷ்வில் நகரில் அவருக்குச் சொந்தப் புத்தகக் கடையே இருக்கிறது.

"ஏமாத்து வேலை," என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாய் எங்கே கசிகிறதோ அங்கேதான் அடைக்க வேண்டும். அவருக்குக் கசிந்த இடம் துணிக்கடை.

பாட்செட் சொன்னதில் எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே உதட்டுக்குப் பூசும் லிப் பாம் தீர்ந்துவிட்டது. அது தேவையா இல்லையா என்று முடிவெடுப்பதற்கு முன் மேசை டிராயரையும் கோட்டுப் பைகளையும் துழாவினார். ஐந்து கிடைத்தன. நம் வீடுகளில் டிராயர் வேலையைப் பரண் செய்கிறது. கிரகப்பிரவேசங்களில் வந்த சுவர்க் கடிகாரங்கள், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பிரிக்காமல் வைத்த டம்ளர் செட், மூன்று தலைமுறைக்குப் போதுமான தாம்பூலப் பைகள். தீர்ந்தால் வாங்கலாம் என்பது சரியான விதிதான். தீர்ந்துவிட்டதா என்று தேடிப் பார்ப்பதும் அந்த விதிக்குள்ளேயே வரும்.

"ஆக, மனசைக் கட்டுப்படுத்தணும். அவ்வளவுதானே?"

இல்லையம்மா. உன் பாட்டிக்கு உன்னைவிட மனக்கட்டுப்பாடு அதிகம் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு ஆசைக்கும் வாங்குவதற்கும் நடுவில் தூரம் இருந்தது. உனக்கு அந்தத் தூரத்தை எடுத்துவிட்டார்கள்.

என் அம்மா தீபாவளிச் சீட்டு கட்டுவாள். மாதாமாதம் சிறு தொகை. பண்டிகைக்கு முன்னால் பாத்திரமோ பலகாரச் சாமானோ வீடு வந்து சேரும். அக்கா மகள் கட்டுவது இஎம்ஐ. இரண்டிலும் மாதத் தவணைதான், வரிசைதான் தலைகீழ். சீட்டில் பணம் முன்னால் போகும், பொருள் பின்னால் வரும். நடுவில் கிடக்கும் மாதங்களில் அம்மா குக்கரிலிருந்து அண்டாவுக்கும் அண்டாவிலிருந்து இட்லிக் கொப்பரைக்கும் மனம் மாறிக்கொண்டே இருப்பாள். அதற்குக் காசு செலவில்லை. இஎம்ஐயில் மனம் மாறும்போது பொருள் பழசாகியிருக்கும், தவணை பாக்கி இருக்கும். சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடியவர்களும் உண்டு என்பதால் அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வரிசையை மட்டும் கவனி.

"இதுக்கு வட்டியே இல்ல மாமா, நோ காஸ்ட்."

வட்டி இருக்கிறது. வங்கி வட்டி போடும். அதே அளவு தொகையைப் பொருளின் விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி உன் பில்லில் ஏறும், பல இடங்களில் பிராசஸிங் கட்டணமும் ஏறும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கிரெடிட் கார்டு பாக்கி இதைவிட மோசம். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள். 10,000 ரூபாய் பாக்கிக்கு 350 வட்டி, அதன் மேல் 63 ஜிஎஸ்டி. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அப்படி ஏதாவது நின்றால், மூன்று மாத மிச்சத்துக்கு வேறு கனவு காணாமல் முதலில் அதை அடைத்துவிடு. (அவள் டம்ளருக்குள் பார்த்தாள். நின்றது போலிருக்கிறது.)

கையில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு சுருக்கென்ற வலி இருக்கிறது. 2001இல் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி நிர்வாகவியல் மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கட்டவேண்டியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்டார்கள். அதே டிக்கெட்தான். இன்று கார்டைக்கூட எடுக்க வேண்டாம், கட்டைவிரல் போதும்.

போதாததற்குப் பின்னாலிருந்து தள்ளவும் ஆள் உண்டு. "இன்னும் இரண்டே மிச்சம்", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்பவற்றில் எது உண்மை, எது மிரட்டல்? 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய் அவசரம் அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் செருகுவது இன்னொன்று. வேண்டாம் என்று சொல்லப்போனால் "எனக்குப் பணம் மிச்சப்படுத்த விருப்பமில்லை" என்று எழுதிய பொத்தானை அமுக்கவைத்துக் கூசச்செய்வதும் உண்டு. துணிக்கடைப் பெண் புடவையை மேலே போட்டுக் காட்டி "உங்களுக்குன்னே நெஞ்சது" என்பாளே, அவளிடம் ஒரு நேர்மை இருந்தது. விற்கிறாள் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். பழகப் பழக, மூளையின் டோபமைன் செல்கள் சாறு வரும்போது துள்ளாமல் சைகைக்கே துள்ளத் தொடங்கின. குரங்கின் சாறும் உன் குர்தியும் ஒன்றில்லைதான். ஆனால் "உங்கள் பொருள் புறப்பட்டுவிட்டது" என்று வரும் செய்தியை எத்தனை முறை திறந்து பார்க்கிறாய், வந்த பெட்டியைப் பிரிக்காமல் எத்தனை நாள் போட்டு வைக்கிறாய்?

அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாவது டம்ளர் ஊற்றினேன்.

இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: எடுத்துவிட்ட தூரத்தைத் திரும்பப் போடுவது. செயலிகளை அழி, கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதே. ஆசை வந்தால் விரட்டாதே, நோட்டில் எழுது. தேதி, பொருள், விலை, அப்போது எங்கே இருந்தாய், என்ன மணி. கடைசி இரண்டும்தான் முக்கியம். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் எழுதியவை ஒரு ஜாதி, மேனேஜரோடு பேசிவிட்டு வந்து எழுதியவை ஒரு ஜாதி என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றுவதைத் தயங்காமல் வாங்கு.

"கல்யாண மொய்?"

மொய் செலவில்லை, வரவு செலவுக் கணக்கு. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்; அதில் கை வைத்தால் உன் அம்மா என்னை விடமாட்டாள்.

"எல்லாரும் இப்படி நிறுத்திட்டா கடைக்காரங்க கதி?" எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் கஷ்டம்தான், பொருளாதார மேதை கெயின்ஸே அதைப் பேசியிருக்கிறார். நீ ஒருத்தி நிறுத்துவதால் ரங்கநாதன் தெரு காலியாகாது. ஜிப் போன பழைய பையைத் தைக்கக் கொடு, அதற்கும் ஓர் ஆள் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

டம்ளரைக் கழுவப் போனவள் வடிகட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது அவசியத்துல வருமா?" வரும் என்றேன். "தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணில், பழைய காபி பில்டருக்குப் பின்னால், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத வடிகட்டி ஒன்று இருந்தது.

நேற்று ராத்திரியே ஆர்டர் போட்டிருந்தேன். ஒன்று மட்டும் வாங்கினால் டெலிவரி கட்டணம் என்றதால் மூன்று. அவளிடம் சொல்லவில்லை.