ஒரே சமையல், இரண்டு பந்தி: கேமிலிருந்து பிறந்த நாவல் எப்படி ருசிக்கிறது?

"சித்தப்பா, புக்கு ஒண்ணுதான். ஒருத்தர் பிரமாதம்ங்கிறார், இன்னொருத்தர் பத்துப் பக்கத்துல மூடி வச்சுட்டேன்ங்கிறார். இதுல யார் சொல்றது நெஜம்?"

கேட்டது அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்பு. கையில் இருந்தது 'ஓவர்வாட்ச்: தி ஹீரோ ஆஃப் நும்பானி'. ஒரு வீடியோ கேமின் உலகத்தை எடுத்துக்கொண்டு பதின்பருவத்தினருக்காக எழுதிய அறிவியல் புனைகதை நாவல். 2020-இல் ஸ்காலஸ்டிக் வெளியிட்டது. இரண்டு பேர் சொல்வதும் நிஜம் என்றேன். அவள் ஏற்கவில்லை. கல்யாணச் சமையல்கட்டுக்குள் அழைத்துப் போய்த்தான் அவளுக்குச் சொல்ல முடிந்தது, பேச்சிலேயே. என் தாய்மாமா கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவர். பல கோடை விடுமுறைகளை அவருடைய கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கழித்தவன் நான்.

கல்யாணச் சமையல்காரர் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவருவதில்லை. மளிகைச் சாமான் எல்லாம் பெண் வீட்டார் வாங்கி உக்கிராண அறையில் அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். சாவி அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் இடுப்பில் இருக்கும். கேம் சார்ந்த நாவலும் இப்படித்தான் தொடங்குகிறது. பாத்திரங்கள், ஊர், ஆயுதங்கள், நடந்து முடிந்த போர்கள் எல்லாமே கேம் நிறுவனத்தின் சரக்கு. எழுத்தாளர் கொண்டுவருவது கரண்டியும் கைப்பக்குவமும்.

நும்பானி நாவலுக்கு உக்கிராணத்தில் என்ன இருந்தது? பிளிஸார்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஓவர்வாட்ச் என்ற கேம். அதில் ஆப்பிரிக்காவில் நும்பானி என்றொரு கற்பனை நகரம். ஆம்னிக்குகள் எனப்படும் சிந்திக்கும் எந்திரங்களும் மனிதர்களும் சரிசமமாக வாழும் ஊர். அந்த ஊரைக் காக்கும் ஓ.ஆர்.15 ரோபோக்களை டூம்ஃபிஸ்ட் என்ற வில்லன் அடித்து நொறுக்குகிறான். எஃபி ஒலாடெலே என்ற பதினொரு வயதுச் சிறுமி, தனக்குக் கிடைத்த உதவித்தொகையில் அந்த ரோபோக்களில் ஒன்றின் சிதைவை வாங்கி, தானே எழுதிய மனத்தைப் பொருத்தி, ஓரிஸா என்று பெயர் வைக்கிறாள். (நம் ஒடிசாவின் பழைய பெயரோடு இதற்கு உறவில்லை. யோருபா மக்கள் தங்கள் தெய்வங்களைச் சொல்லும் சொல் அது.) ஓரிஸா 2017 மார்ச்சில் கேமுக்குள் வந்தாள். ஆனால் எஃபி களத்தில் இறங்குவதே இல்லை. ஓரிஸாவை ஆடுகிறவர் அவளைச் செய்தவளைப் பற்றித் துண்டு துண்டாகத்தான் அறிவார். மூட்டை பிரிக்காத நல்ல சரக்கு அது.

சமையலுக்கு அமர்த்தப்பட்டவர் நிக்கி டிரேடன். 2017-இல் வந்த அவருடைய முதல் நாவலான 'தி பிரே ஆஃப் காட்ஸ்' வருங்காலத் தென்னாப்பிரிக்காவில் நடக்கிறது. அதிலும் தன்னுணர்வு பெறும் ரோபோக்கள் உண்டு. இந்தச் சரக்கை ஏற்கெனவே சொந்த அடுப்பில் சமைத்துப் பார்த்த கை. இதைத் தெரிந்துகொண்டு நாவலைப் படித்தால் எது உக்கிராணத்துப் பொருள், எது டிரேடனின் பக்குவம் என்று நாக்கு பிரித்துச் சொல்லிவிடும்.

இங்கேதான் சிக்கலான இடம் வருகிறது. சாம்பார் இருந்தே தீர வேண்டும், பாயசம் இருந்தே தீர வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லிவிடுவார்கள். நும்பானி கதையில் ஓரிஸா கடைசியில் உயிரோடு இருக்க வேண்டும். டூம்ஃபிஸ்டும் இருக்க வேண்டும். இருவரும் கேமில் தினமும் யாரோ ஒருவர் எடுத்து ஆடும் பாத்திரங்கள். ஆகவே யார் சாவார், யார் பிழைப்பார் என்ற கேள்வியை வைத்து நாவலை நகர்த்த வழியில்லை. எழுத்தாளர் சூட்டை வேறு இடத்தில்தான் ஏற்ற வேண்டும். டிரேடன் அதை எஃபிக்குள் ஏற்றினார். பதினொரு வயதில் ஊரைக் காக்கும் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை, நாடே, ஹசானா என்ற தன் இரண்டு நண்பர்களை என்ன செய்கிறாள்? தான் செய்த எந்திரம் தவறும்போது அந்தத் தவறு யாருடையது? மாமா வத்தக் குழம்புக்குத் தணலை இழுத்துவிட்டு, எண்ணெய் பிரியும்வரை காத்திருப்பார். இந்த நாவலும் அந்தச் சூட்டில் வேகிறது. கொதி தெரியவில்லையே என்று நினைக்கிறவர் பத்துப் பக்கத்தில் எழுந்து போவது இதனால்தான்.

பந்தி போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் வந்து ஒரு கரண்டி வாங்கி ருசி பார்ப்பார். நாவலுக்கும் இது உண்டு. நிறுவனத்தின் ஆட்கள் கையெழுத்துப் படியைத் தங்கள் கதை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்தக் கரண்டி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 'மாஸ் எஃபெக்ட்: டிசெப்ஷன்' சாட்சி. இது இளையோர் நாவல் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த வரிசையின் முதல் மூன்று நாவல்களையும் எழுதியவர் டிரூ கார்பிஷின். மாஸ் எஃபெக்ட் கேமின் கதையாசிரியரே அவர்தான். நான்காவதை 2012-இல் வில்லியம் டீட்ஸ் எழுதினார். வாசகர்கள் பக்கம் பக்கமாகப் பிழைகளைப் பட்டியலிட்டார்கள். கேம் நிறுவனமும் பதிப்பகமும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பில் திருத்துவதாக உறுதி சொல்ல நேர்ந்தது.

வெறும் தேதிக் கணக்குக்காக எழுந்த கோபம் அல்ல அது. முந்தைய நாவல் ஒன்றில் கில்லியன் என்ற சிறுமி ஆட்டிசம் உள்ளவளாக வருகிறாள். புதிய நாவலில் அந்தச் சுவடே இல்லை என்பது வாசகர்களின் பெரிய குறைகளில் ஒன்று. தன்னைப் போல் ஒருத்தி அந்த விண்மீன் உலகத்தில் இருக்கிறாள் என்று பிடித்துவைத்திருந்த வாசகருக்கு அது எழுத்துப்பிழையாகவா தெரியும்? ரசிகர்கள் அற்ப விஷயத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

இனி பந்திக்கு வருவோம். முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் உறவுக்காரர்கள். அந்த வீட்டுப் பாட்டி கைக் குழம்பு அவர்கள் நாக்கில் இருக்கிறது. பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள், பஸ் பிடித்து வந்து பசியோடு இருப்பவர்கள். அவர்களுக்கு இந்த வீட்டுக் குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாது. இலையில் விழுந்தது நன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

அண்ணன் மகள் ஓவர்வாட்ச் ஆடுகிறவள். "டூம்ஃபிஸ்ட் சண்டை பத்தவே இல்ல சித்தப்பா" என்றாள். அவள் தம்பி கேம் பக்கமே போகாதவன், அதே புத்தகத்தைப் பாதி படித்திருந்தான். "அவன் வராட்டி என்ன, அந்தப் பொண்ணு ரோபோவுக்குச் சொல்லிக் குடுக்குறதுதான் நல்லா இருக்கு" என்றான். ஒருத்தி முதல் பந்தி, ஒருவன் இரண்டாம் பந்தி. இவள் தரும் மூன்று நட்சத்திரத்தையும் அவன் தரும் ஐந்தையும் கூட்டிச் சராசரி நான்கு என்று போட்டால், அந்த நான்கு யாருடைய ருசியும் இல்லை. ஒரு கருத்தைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எழுதியவர் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்று முதலில் பார் என்று அவளிடம் சொன்னேன். எழுதியவர் கேமின் பெயரை எத்தனை முறை சொல்கிறார் என்பதிலேயே அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேலோ வரிசையின் பெரும்பாலான கேம்கள் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என முத்திரை பெற்றவை. அந்த உலகத்திலேயே கசாண்ட்ரா ரோஸ் கிளார்க் 2019-இல் 'ஹேலோ: பேட்டில் பார்ன்' என்ற இளையோர் நாவலை எழுதினார். மெரிடியன் என்ற துணைக்கோளில் ஒரு சிற்றூர். அன்னிய இனத்தார் படையெடுக்கிறார்கள். நான்கு பள்ளி மாணவர்களும் ஓவன் என்ற ஒரு வீரனும் எதிர்த்து நிற்கிறார்கள். பழைய ஹேலோ வாசகருக்கு மிளகாய் குறைந்ததாகத் தெரியும். பந்தியில் குழந்தைகளுக்குத் தனியாக ரசத்தின் தெளிவை எடுத்து ஊற்றுவார் மாமா. அதே பருப்பு, அதே புளி. அடியில் தங்கிய மிளகைக் கலக்காமல் எடுத்தது. காரம் போதவில்லை என்று சொல்கிறவரும் உண்மையையே சொல்கிறார். அவருக்காக எடுத்து ஊற்றியதல்ல அது, அவ்வளவுதான்.

பந்தி தலைகீழாகவும் மாறும். எரிக் நைலண்ட் ஏழு வாரத்தில் எழுதிய 'ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்' 2001 அக்டோபர் 30-இல் வந்தது, முதல் ஹேலோ கேமே நவம்பர் 15-இல்தான் வந்தது. ஆறு வயதில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுப் போர்வீரனாக வளர்க்கப்பட்ட கேமின் நாயகன் ஜானின் பிள்ளைப்பருவத்தைப் பலர் இந்த நாவலில்தான் அறிந்தார்கள். 2010-இல் 'ஹேலோ: ரீச்' என்ற கேம் வந்தபோது, ரீச் கோள் வீழ்ந்த கதை நாவலோடு ஒத்துப்போகவில்லை. இந்த முறை நாவலைப் படித்தவர்கள் முதல் பந்தியில் இருந்தார்கள். புளி மாறிவிட்டது என்று கேமைப் பார்த்துச் சொன்னார்கள்.

நும்பானிக்கும் இது நடந்துகொண்டிருக்கிறது. நாவல் வந்த 2020-இல் கேமின் ஓரிஸா கேடயச் சுவர் எழுப்பிப் பின்னால் நிற்பவர்களைக் காப்பவள். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது அந்தச் சுவரை எடுத்துவிட்டு அவள் கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள். அண்ணன் மகள் ஆடத் தொடங்கியது அதற்குப் பிறகு. அவளுக்குத் தெரிந்த ஓரிஸா ஈட்டி எறிகிறவள்.

"அப்போ நான் எந்தப் பந்தி?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தம்பி அதற்குள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, விட்ட பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.