குடியரசு வருவதற்கு முன்பே குடியுரிமை வந்துவிட்டது, தெரியுமா?

அரசியலமைப்புச் சட்டம் எப்போது அமலுக்கு வந்தது? 1950 ஜனவரி 26 என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் குடியுரிமையைச் சொல்லும் 5 முதல் 9 வரையிலான பிரிவுகள் இரண்டு மாதம் முந்திக்கொண்டன! 1949 நவம்பர் 26-லேயே அமல்! தேர்தல் ஆணையத்துக்கான 324-ஆம் பிரிவும் அன்றைக்கேதான். பின்னே, யார் குடிமகன் என்று தெரியாமல் வாக்காளர் பட்டியல் எழுத முடியுமா?

அம்பேத்கருக்கே தலைவலி கொடுத்த பிரிவு எது தெரியுமா? இதே குடியுரிமைதான்! பிரிவினையில் அங்கே போனவர், இங்கே வந்தவர், போய்விட்டுத் திரும்பியவர்... யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? எத்தனை வரைவு எழுதினோம், எத்தனையைக் கிழித்துப் போட்டோம் என்றே தெரியவில்லை என்று அரசியல் நிர்ணய அவையிலேயே சொன்னார்!

மொத்தச் சட்ட வரைவுக்கும் வந்த திருத்தங்கள் எத்தனை? 7,635! விவாதத்துக்கு எடுத்துக்கொண்டவை மட்டும் 2,473! அடேயப்பா!

வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில்! கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று அவையில் போட்டு உடைத்தவர் நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி!

மூலப்பிரதி அச்சடித்தது என்றா நினைத்தீர்கள்? பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா கைப்பட எழுதியது! கூலியே வேண்டாம் என்றவர் கேட்டது என்ன? பக்கத்துக்குப் பக்கம் தன் பெயர், கடைசிப் பக்கத்தில் தாத்தா பெயர்! நந்தலால் போஸ் குழு வரைந்த படங்களில் மாமல்லபுரச் சிற்பமும் உண்டு, நடராஜரும் உண்டு!

முதல் திருத்தம் 1951-லேயே வந்துவிட்டது. ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை! காரணங்களில் ஒன்று? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணையான கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்று வந்த தீர்ப்பு!

குடியுரிமை விஷயத்தில் புதுச்சேரி கதை இன்னும் பிரமாதம்! பிரெஞ்சு நிர்வாகம் 1954-லேயே கைமாறிவிட்டது. சட்டப்படி இணைந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான்! ஆறு மாதத்துக்குள் "நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சும்மா இருந்தவர்கள் தானாகவே இந்தியர்கள்! அதனால்தான் பிரான்ஸில் அதிபர் தேர்தல் என்றால் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாக்குச்சாவடி. வரிசையில் நின்று பேசுவது தமிழ், உள்ளே போய்ப் போடுவது பிரெஞ்சு ஓட்டு!