தைராய்டும் முதிய பெண்களின் எலும்பும்

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதில்லை. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும், கரைந்த இடத்தில் புதிதாகக் கட்டும் செல்களும் ஆயுள் முழுக்க வேலை செய்கின்றன. ஓரிடத்தில் கரைத்துக் கட்டி முடிக்க ஏறக்குறைய 200 நாட்கள் ஆகும். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைப்பவற்றுள் தைராய்டு சுரப்பும் ஒன்று.

சுரப்பு மிகுந்தால் இந்தச் சுற்று ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும்; கட்டுவதற்கோ மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். அது கிடைக்காததால் கரைந்ததில் ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஈடாகாமலே போகிறது. தைராய்டு மிகைச்சுரப்பால் இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் புழு அரித்தவை போலிருந்ததை ஜெர்மன் மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹௌசன் 1891இலேயே எழுதிவைத்தார். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜனும் குறைந்துவிடுவதால் இழப்பு இன்னும் கூடுகிறது.

குறைச்சுரப்பின் கதை வேறு. அதில் எலும்பின் வேலை மந்தமாகிறதே தவிர, எலும்பு வேகமாகக் கரைவதில்லை. சிக்கல் பெரும்பாலும் அதற்குத் தரும் தைராக்சின் மாத்திரையின் அளவில்தான். நாற்பது வயதில் எழுதித் தந்த தைராக்சின் அளவையே, பழைய சீட்டைக் காட்டி எழுபதிலும் வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. வயது ஏறி எடை குறையும்போது உடலுக்குத் தேவைப்படும் அளவும் பலருக்குக் குறைகிறது. மிஞ்சிய மருந்து மிகைச்சுரப்பைப் போலவே எலும்பை அரிக்கும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். சுரப்பு (தைராய்டு மிகுந்தால் இது குறையும்) 0.1க்கும் கீழே போயிருந்த, 65 வயதைக் கடந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு மூன்று மடங்கும் முதுகெலும்பு முறிவு நான்கு மடங்கும் அதிகம் என்று 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு மருத்துவர்களே டி.எஸ்.எச்.-ஐத் தாழ்த்தி வைப்பதுண்டு.

எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைத் தரும் வெயிலுக்கு, மதுரையை அடுத்த அழகர்கோவில் அடிவாரத்தில் பஞ்சமில்லை. ஆனாலும் முதிய தோல் வைட்டமின் டி தயாரிப்பது குறைவு. வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களுக்கு இன்னும் குறைவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எலும்படர்த்தி குறையும் எலும்புப்புரை இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எலும்புக்கு வேண்டிய கால்சியம் நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் உண்டு. அரிசிச் சோறு மட்டுமே உண்பவருக்கு அது எட்டுவதில்லை.

எலும்பு முறியும்வரை எலும்புப்புரை வலிக்காது. மூட்டுத் தேய்மானம்போல முன்கூட்டி எச்சரிப்பதில்லை. உயரம் குறைவது, முதுகு கூனுவது, லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு உடைவது ஆகியவை அடையாளங்கள். டி.எஸ்.எச். அறிய ரத்தப் பரிசோதனை போதும். எலும்படர்த்தியைக் காட்டும் டெக்சா கருவி மதுரையின் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அதில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்புப்புரை. மிகைச்சுரப்பைக் கட்டுப்படுத்தியபின் இழந்த அடர்த்தியில் ஓரளவு மீளும். முதியவர்களுக்கு முழுமையாக மீள்வது அரிது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கி, காப்பியைக் குறைந்தது அரைமணி தள்ளிவைக்க வேண்டும். கால்சியம் மாத்திரை தைராக்சின் உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுவது அவசியம்.