பட்டியலின் நிறம்

டார்வின் நகரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் குரூட் ஐலண்ட் தீவைச் சேர்ந்த பூர்வகுடிச் சிறுவன் அவன். வயது 15. பேனா, பெயின்ட் என்று நூறு டாலர்கூடப் பெறாத பொருள்களைத் திருடியதற்காக 28 நாள் காவல். தண்டனை முடியுமுன்பே, 2000 பிப்ரவரியில், டான் டேல் சிறார் தடுப்பு மையத்தில் இறந்துபோனான்.

அந்த 28 நாளை நீதிபதி எடைபோட்டுச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரி 1997-ல் கொண்டுவந்த கட்டாயத் தண்டனைச் சட்டம் சொன்னது. சொத்துக் குற்றத்தில் மறுபடி சிக்கும் 15, 16 வயதுக்காரர்களுக்குக் குறைந்தது இவ்வளவு என்றால் இவ்வளவுதான். நீதிபதி மனமிளகினாலும் பயனில்லை. சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அது வகுத்த குற்றங்களின் பட்டியலில் திருட்டு இருந்தது, மோசடி இல்லை. காசில்லாதவன் எந்தக் குற்றம் செய்வான், கணக்கேடு வைத்திருப்பவன் எதைச் செய்வான் என்று யோசித்தால் பட்டியலின் நிறம் தெரிந்துவிடும்.

சிறாருக்கான அந்தச் சட்டம் 2001-ல் போனது. அடைபடுவோரில் பூர்வகுடிகளின் விகிதம் மாறவில்லை. டெரிட்டரியின் மக்கள்தொகையில் பூர்வகுடிகள் சுமார் 30 சதவீதம். அடைபட்ட சிறாரிலோ ஏறக்குறைய எல்லோருமே அவர்கள்தான். பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களும் அல்லர், விசாரணைக் கைதிகள். ஜாமீன் கேட்டால், எங்கே தங்குவாய், யார் பொறுப்பு என்ற கேள்விகள் வரும். ஒரே அரசு வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழும் பிள்ளையிடம் நீதிமன்றம் ஏற்கும் பதில் இருப்பது அபூர்வம். இதற்கு இனவெறி பிடித்த நீதிபதி யாரும் தேவையில்லை, படிவமே போதும்.

2016 ஜூலையில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’, டெரிட்டரியின் தடுப்பு மையங்களில் கண்ணீர்ப்புகையில் திணறிய சிறுவர்களையும், முகத்தை மூடி நாற்காலியோடு கட்டப்பட்ட ஒரு பையனையும் காட்டியது. மறுநாளே பிரதமர் டர்ன்புல், ராயல் கமிஷன் எனப்படும் உயர்மட்ட விசாரணையை அறிவித்தார். 2017 நவம்பரில் அறிக்கை வந்தது: டான் டேலை மூடுங்கள், குற்றப் பொறுப்பு வயதை 10-லிருந்து 12 ஆக்குங்கள். மூடச் சொன்ன பிறகும் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகள் அங்கேதான் கிடந்தார்கள். வயது மட்டும் 2023-ல் உயர்ந்தது.

அடுத்த ஆண்டே டெரிட்டரியில் தேர்தல். குற்றத்தை ஒடுக்குவோம் என்று வென்ற லியா ஃபினோக்கியாரோ அரசு, 2024 அக்டோபரில் அந்த வயதை மறுபடி பத்துக்கே இறக்கியது. சின்ன வயதிலேயே சட்டத்தின் கைக்குள் கொண்டுவந்தால்தான் திருத்த முடியும் என்பது அரசின் வாதம். டான் டேலுக்குப் போன பிள்ளைகளும் அந்த வழியில்தான் போனார்கள்.