"அடித்தானா?" என்று கேட்டால் "இல்லை"

"காதலன் உன்னிடம் வன்முறையாக நடந்ததுண்டா?" என்று கல்லூரி மாணவி ஒருத்தியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "சேச்சே, இல்லை" என்பாள். கையை முறுக்கியிருக்கிறானா, போனைப் பிடுங்கி வாட்ஸ்அப்பை நோண்டியிருக்கிறானா, பேசாவிட்டால் செத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் தடுமாறும். "அது... கொஞ்சம் பொசசிவ், அவ்வளவுதான்!"

அமெரிக்க சமூகவியலாளர் முர்ரே ஸ்ட்ராஸ் 1979-இல் வெளியிட்ட, வன்முறையை அளக்கும் அளவுகோல் இப்படிச் செயல்களாகப் பிரித்துத்தான் கேட்டது: தள்ளினாயா, அறைந்தாயா, எதையாவது தூக்கி எறிந்தாயா? 1981-இல் ஜேம்ஸ் மேக்பீஸ் அங்குள்ள கல்லூரி மாணவர்களிடம் விசாரித்தபோது, ஐந்தில் ஒருவருக்குக் காதல் உறவில் வன்முறையின் நேரடி அனுபவம் இருந்தது. அடிதடியெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்ற நினைப்பு அப்போது ஆட்டம் கண்டது.

ஒரே சண்டையைப் பற்றி ஜோடியில் இருவரையும் தனித்தனியே விசாரித்தால், பதில்கள் பல நேரம் பொருந்துவதில்லை. தான் வாங்கிய அடி நினைவிருக்கும், கொடுத்தது மங்கிவிடும். அளவுகோலிலும் கோளாறு உண்டு. அவள் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதும், அவன் அவளைச் சுவரோடு தள்ளியதும் கணக்கில் ஆளுக்கு ஒன்று. யாருக்குக் காயம் என்ற கேள்வி 1996-இன் திருத்தப்பட்ட வடிவத்தில்தான் சேர்ந்தது. யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார் என்பதற்கு அதிலும் கட்டம் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்டிருக்க வேண்டியதே அதுதான்.

நம் தேசியக் குடும்ப நல ஆய்வோ, கணவன் செய்யும் கொடுமைகளை விரிவாகத் துருவிக் கேட்கிறது. மணமாகாத பெண்ணிடம், யாராவது அடித்தார்களா என்ற அளவில் பொதுவாகக் கேட்டு நகர்ந்துவிடுகிறது.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணத்தை ஒத்த உறவை' ஏற்கிறது. ஆனால் வார இறுதிகளைச் சேர்ந்து கழித்தால் மட்டும் அது அப்படிப்பட்ட உறவாகிவிடாது என்று, கோவையிலிருந்து சென்ற வேலுச்சாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. விடுதியில் தங்கிக் காதலிப்பவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

மிச்சமிருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதன் 78-ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றமே. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. அந்தரங்கப் படத்தை எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியவர் 77-ஆம் பிரிவில் மாட்டுவார்.

ஆனாலும் ஸ்டேஷன் படியேறுவது சுலபமல்ல. புகார் கொடுப்பதென்றால் காதலையே ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் தெரிந்தால் முதலில் பறிபோவது போன், அடுத்து படிப்பு, பிறகு அவசரக் கல்யாணம். வேறு சாதிப் பையன் என்றால் பயம் இன்னும் பெரிது. பதினெட்டு வயது நிரம்பாதவளுக்கு இன்னொரு சிக்கல்: உறவு உடல் அளவில் போயிருந்தால், அவள் நம்பிச் சொல்லும் ஆசிரியரும் ஆலோசகரும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அடியைப் பற்றி மட்டும் பேச வந்தவள் வாயை மூடிக்கொள்கிறாள். விஷயம் தோழியோடு நின்றுவிடுகிறது. தோழியும் பல நேரம் "சமாதானமாப் போடி" என்கிறாள்.

அந்தத் தோழிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மிரட்டல் மெசேஜ்களை அழிக்க விடக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவர் போனிலும் வைக்கலாம். 181 மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், பின்தொடர்தல், அந்தரங்கப் படம் பரப்புதல் போன்ற குற்றங்களுக்கு அருகிலுள்ள ஸ்டேஷனிலேயே புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். எல்லை தங்களுடையது இல்லை என்று போலீசார் திருப்பி அனுப்ப முடியாது.